அந்த இருமலை மட்டும்

உக்காருங்க சார், உக்காருங்க. இதை நான் மடியில வச்சுக்கறேன். உடையற சாமான் ஒண்ணும் இல்ல, கீபோர்டு. சின்ன சைஸ். தலகாணி உறை மாட்டி மேல துண்டு சுத்தியிருக்கேன், அதான் பாக்கறதுக்கு கைக்கொழந்தை மாதிரி இருக்கு. சாம்பியன் ஸ்டேஷன்ல நான் ஏறும்போது ஒரு அம்மா பதறிப்போய் எழுந்து எடம் குடுத்தாங்க. கிட்ட வந்து பாத்துட்டு மறுபடி உக்காந்துட்டாங்க.

வாசிப்பீங்களான்னு கேக்கறீங்க. வாசிப்பேன்னு சொன்னா நெசமா வாசிக்கறவங்க கோவிச்சுக்குவாங்க. லிஃப்ட் மெக்கானிக் சார் நான். பேரு சற்குணம். பெங்களூர்ல முப்பத்தெட்டு வருஷமா ஜனங்களை மேலயும் கீழயும் அனுப்பிக்கிட்டு இருக்கேன். இந்த மியூசிக்கு எனக்காக நான் பண்றது. கச்சேரி கெடையாது, கல்யாண வீடு கெடையாது. யாரும் கூப்பிடல, நானும் போகல. மொத்தமே ஒரே ஒரு பாட்டுதான். பாட்டுன்னு கூட சொல்லமுடியாது, வார்த்தையே இல்ல. ஆறு நிமிஷம் பதினோரு செகண்டு. அதை முடிக்க நாலு வருஷம் ஆச்சு. பேரு 'லைன் வீடு'.

அதை அந்த வீட்டுக்குள்ளயே ஒரு தடவை வாசிச்சுடணும்னுதான் இன்னிக்கு காலையில போனேன். வாசிக்காம திரும்பி வரேன். என் கூடப்பொறந்த தம்பி, தயாளன்னு பேரு, எனக்கு துரோகம் பண்ணிட்டான் சார். துரோகம்னு நான் சும்மா சொல்லமாட்டேன். ராத்திரிப் பள்ளிக்கூடத்துல படிச்சவன், வார்த்தைய பாத்துதான் போடுவேன். இதைவிட சின்ன வார்த்தை ஏதாவது கெடைக்குமான்னு சாம்பியன்ல இருந்து பங்காருப்பேட்டை வரைக்கும் தேடிக்கிட்டே வந்தேன். கெடைக்கல.

நீங்க ஒயிட்ஃபீல்டுதான எறங்கறீங்க? அப்ப டைம் இருக்கு. சொல்றேன்.

எங்க ஊரு தங்கவயல். லைன் வீடுன்னா என்னன்னு தெரியுமா? ஒரே கூரைக்குக் கீழ வரிசையா பத்து வீடு. ஆளுக்கு ஒரு ரூமு, ஒரு அடுப்படி. நடுவுல செவுரு இருக்கும், ஆனா கூரை வரைக்கும் போவாது. மேல தகரம். மொத வீட்டுல தும்மினா கடைசி வீட்டுல 'ஆண்டவரே'ம்பாங்க. அவ்வளவு சத்தம் இருக்கற எடத்துல எங்க வீட்டுல மட்டும் சத்தமே கூடாது. ஏன்னா எங்கப்பா பாதி நாளு நைட் ஷிஃப்டு. சுரங்கத்துல இருந்து காலையில மேல வந்து, கஞ்சி குடிச்சுட்டு படுத்தாருன்னா மத்தியானம் மூணு மணி வரைக்கும் எங்க வீட்டுல யாரும் வாயத் தெறக்கக்கூடாது. எங்கம்மா பாத்திரத்தை கீழ வைக்கறதுக்கு முன்னாடி பழைய துணிய விரிச்சு அது மேலதான் வைக்கும். கரண்டி காம்புக்குக் கூட துணி சுத்தியிருக்கும். தாழ்ப்பாளுக்கு வாரத்துக்கு ஒருதரம் எண்ணெய். நானும் தம்பியும் பேசணும்னா தொடையில தட்டிக்குவோம். ஒரு தட்டு தட்டினா பசிக்குது. ரெண்டு தட்டினா வெளிய போலாம். மூணு தட்டினா, நீதான் மொதல்ல ஆரம்பிச்ச, நான் அம்மாகிட்ட சொல்லிடுவேன். அதிகமா தட்டினது மூணுதான்.

வாய மூடிக்கிட்டு வளந்தா காது நல்லா வேலை செய்யும் சார். எனக்கு ஒவ்வொண்ணும் ஞாபகம் இருக்கு. வெயில் ஏறினா தகரம் 'டொக்'னு விரியும். பொதுக் கொழாயில தண்ணி வர்றதுக்கு முன்னாடி உஸ்ஸுனு வெறும் காத்து வரும், அப்புறம் ரெண்டு துப்பு துப்பும், அப்புறம்தான் தண்ணி. ஷிஃப்டு சங்கு. அப்புறம் எங்கப்பா தூக்கத்துல இருமறது. நாலு இருமல், ஒரு கேப்பு, நாலு இருமல். அந்த இருமல் நின்னாதான் எங்கம்மா திரும்பிப் பாக்கும்.

எங்கப்பாவுக்கு நெஞ்சு ரொம்ப மோசமாயி, இனி வேலைக்கு லாயக்கில்லைன்னு எழுதிட்டாங்க. அந்த வேலைய மகன் ஒருத்தனுக்குக் குடுப்பாங்க. ஒருத்தனுக்குத்தான். மூத்தவன் நான். முறைப்படி எனக்குத்தான வரணும்? நான் என்ன பண்ணேன் தெரியுமா? தம்பிக்கு விட்டுக்குடுத்துட்டேன். 'நீ எடுத்துக்கடா தயாளா'ன்னேன். இந்தக் காலத்துல எவன் சார் நிரந்தர உத்தியோகத்தை விட்டுக்குடுப்பான்? அவனுக்கு அப்ப பத்தொம்பது வயசு. சுரங்கத்துக் கூண்டுல கீழ எறங்கவே பயம். மொத நாள் கீழ போயிட்டு மேல வந்து வாந்தி எடுத்தான். போகப்போக சரியாயிடும்டான்னு தைரியம் சொல்லிட்டு நான் மறுநாள் பெங்களூர் வண்டி ஏறிட்டேன். எஸ்எஸ்எல்சி பாஸ் பண்ணவன் வெளியிலதான பொழைக்கணும். அவன் சுரங்கம் மூடற வரைக்கும் பதினஞ்சு வருஷம் கீழதான் வேலை பாத்தான். வீடும் அவன்கிட்டதான் இருந்துச்சு. அப்பாவையும் அம்மாவையும் கடைசி வரைக்கும் பாத்துக்கற பாக்கியமும் அவனுக்குத்தான் போச்சு. நான் எதையும் கேக்கல சார். வேலை, வீடு, அம்மா, அப்பா, எல்லாத்தையும் அவனுக்கே விட்டுட்டேன். நான் எடுத்துக்கிட்டது ஞாபகம் மட்டும்தான்.

டீ குடிக்கறீங்களா? வேண்டாமா? நல்லது, இந்த வண்டியில அதுக்கு டீன்னு பேரு வச்சிருக்காங்க, அவ்வளவுதான்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு அபார்ட்மெண்ட் லிஃப்டுக்குள்ள நானே மாட்டிக்கிட்டேன். மெக்கானிக்கே மாட்டிக்கிட்டா யாரைக் கூப்பிடறது? முக்கா மணி நேரம். லைட்டு இல்ல, ஃபேன் இல்ல. சூட்டுல மேல ஏதோ ஒரு தகடு 'டொக்'னுச்சு. எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு சார். அது எங்க வீட்டு கூரை. அச்சு அசல் அதே சத்தம். அந்த வாரமே போய் இந்த கீபோர்டை வாங்கினேன். என் சம்சாரம் விமலா பாத்துட்டு, "ரிட்டயராகற வயசுல ஆம்பளைங்க சாமி கும்புட ஆரம்பிப்பாங்க, உங்களுக்கு ஏன் டொய்ங் டொய்ங்னு போகுது?"ன்னா. பெரிய காரியம் பண்றவன் வீட்டுல பதில் சொல்லிக்கிட்டு இருக்கமுடியாது.

கீபோர்டுல ராகம் வந்துடுச்சு. ஆனா அடியில அந்த வீட்டோட சத்தம் வேணும்ல? போன்ல ஒரு ஆப்பு இருக்கு. சத்தத்தை உள்ள போட்டா ஸ்க்ரீன்ல பட்டை பட்டையா வரும். வேண்டாததை ஓரத்துல விரல வச்சு தள்ளிட்டா போயிடும். வேணுங்கறதை மட்டும் திருப்பித் திருப்பி ஓடவிடலாம். அதனால தயாளனுக்கு சொன்னேன்: கொழாய் சத்தம் அனுப்பு, தாழ்ப்பாள் சத்தம் அனுப்பு, மழை பேஞ்சா தகர சத்தம் அனுப்பு. போன் மட்டும் பண்ணாத, நான் லிஃப்டு குழியில இருப்பேன், எடுக்கமுடியாது, வாய்ஸா அனுப்புன்னேன்.

அனுப்பினான். இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா ஒழுங்கா அனுப்பல. கூரை மேல ஏறி தகரத்தை கையால தட்டி அனுப்புடான்னா, ரெண்டு நாள் கழிச்சு அனுப்பறான். ஏன்டான்னா, ஏணியில ஏறினா மூச்சு வாங்குதுண்ணேங்கறான். சின்ன வயசுல இருந்தே கொஞ்சம் சோம்பேறி. அப்புறம் இன்னொண்ணு. நான் கேக்கறது நாப்பது செகண்டு. அவன் அனுப்பறது மூணு நிமிஷம், நாலு நிமிஷம். சத்தம் முடிஞ்சவுடனே 'அண்ணே'ன்னு ஆரம்பிச்சுடுவான். அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? வார்த்தையில்லாத பாட்டுக்கு பேச்சு எதுக்கு? 'அண்ணே' வர்ற எடத்துலயே விரல வச்சு தள்ளிடுவேன். 'நல்லா இருக்குடா, அடுத்தது அனுப்பு'ன்னு பதில் போட்டுடுவேன். பதில் போடாம மட்டும் இருந்ததில்ல.

ஒருதரம் கொழாய் சத்தத்துல நடுவுல இருமல் வந்துடுச்சு. அவன் இருமினது. மொதல்ல எனக்குக் கோவம். 'இருமாம எடுத்து அனுப்பு'ன்னு போட்டேன். மறுபடி அனுப்பினான், அதுலயும் இருமல். சரின்னு காதுல வச்சுக் கேட்டா, சார், எனக்கு ஒடம்பு சிலுத்துப்போச்சு. நாலு இருமல், ஒரு கேப்பு, நாலு இருமல். அப்படியே எங்கப்பா! அதே ஏத்தம், அதே எறக்கம். ரத்தம் சும்மா விடுமா? ராகம் நம்ம கையில இருக்கு, தாளத்தை தம்பி நெஞ்சுல வச்சிருக்கான்னு நெனச்சேன். அந்த இருமலை எடுத்து பாட்டு முழுக்க ஓடவிட்டேன். மொத நிமிஷத்துல இருந்து கடைசி வரைக்கும். பாட்டே அது மேலதான் நிக்குது.

போன வாரம் முடிஞ்சுது. தயாளனுக்கு வாய்ஸ் போட்டேன்: வியாழக்கிழமை வரேன், ரூமை ஒழிச்சு வை, நான் வாசிக்கும்போது ஃபேனு ஓடக்கூடாது. ரெண்டு நீலக் கோடு வந்துச்சு. பதில் இல்ல. பதில் இல்லைன்னா சரின்னுதான அர்த்தம்?

இன்னிக்கு காலையில போய் நின்னா, கதவு பச்சை. எங்க கதவு நீலம். எடம் மாறிட்டமான்னு திரும்பி எண்ணினேன். ஏழாவது வீடு, அதேதான். மேல பாக்கறேன், தகரத்தைக் காணோம். சிமெண்ட் ஷீட்டு! எந்த வெயிலுக்கும் வாயத் தெறக்காது அது. உள்ள இருந்து ஒரு பொண்ணு வந்து, "யார் வேணும்?"னுச்சு. நான் பொறந்த வீட்டு வாசல்ல நிக்கவச்சு யார் வேணும்னு கேட்டா என்ன சார் சொல்றது?

அதுக்குள்ள பக்கத்து வீட்டு காணிக்கை அக்கா வெளிய வந்துச்சு. என்னைவிட பத்து வயசு மூப்பு. முறத்துல அரிசி.

"அட, சற்குணமா? இன்னாடா கையில, கொழந்தையா? இந்த வயசுலயா?"

"கீபோர்டுக்கா. தயாளன் எங்க?"

"ஓசூர்ல கீறான், பொண்ணு வூட்ல. போய் மூணு மாசம் ஆவுதே. உனுக்குத் தெரியாதா?"

"வீடு?"

"என் பையனுக்கு உட்டுட்டுப் போயிட்டான். இது எங்க மருமவ. மழைக்கு ஒழுவுதுன்னு கூரைய மாத்தினோம்."

மூணு மாசமா அவன் சத்தம் எதுவும் அனுப்பலதான். நானும் கேக்கல, எனக்கு வேண்டியதெல்லாம் வந்துடுச்சு, பாட்டைக் கோக்கற வேலையில இருந்தேன். ஆனா வீட்டையே ஒழிச்சுக் குடுத்துட்டுப் போவானா ஒருத்தன்? அதுல நானும்தான பொறந்தேன்? "எனக்கு ஒரு வார்த்தை சொல்லலக்கா அவன்"ன்னேன்.

அக்கா முறத்தை கீழ வச்சுட்டு என்னையே பாத்துச்சு.

"சொல்லலியா? என் கண்ணெதுரல சொன்னான்டா. தோ, அந்தக் கொழாயாண்ட குந்திகினு, போனை வாய்கிட்ட வச்சுகினு. ஒரு தபா இல்ல, எத்தினியோ தபா. போன் பண்ணா நீ எடுக்கறதில்லியாம். சத்தம் அனுப்பினா மட்டும் ஒடனே கேட்டுடறியாம். 'அதான்க்கா, சத்தத்துக்குப் பின்னாலயே சேத்து பேசி அனுப்பறேன், எப்படியும் கேட்டுடுவாரு'ன்னான். கெளம்பற அன்னிக்கு நான்தான் கேட்டேன், உங்கண்ணன் இன்னாடா சொன்னாருன்னு. 'வேணாம்னு சொல்லலக்கா, அவருக்கு சம்மதம்தான்'னான்."

பாத்தீங்களா சார்? என் வாயத் தெறக்காமலே என் சம்மதத்தை எடுத்துக்கிட்டான்.

"டீ சாப்புடு"ன்னுச்சு அக்கா. வேண்டாம்னுட்டேன். "அவன் போவும்போது நடக்கமுடியல சற்குணம், சேர்ல வச்சுதான் தூக்கினாங்க"ன்னுச்சு. நான் அதுக்குள்ள ஸ்டேஷன் பக்கம் திரும்பிட்டேன்.

ஸ்டேஷன்ல உக்காந்து அவன் நம்பருக்கு அடிச்சேன். மக ஷர்மிளா எடுத்துச்சு. குசுகுசுன்னு பேசுது.

"சத்தமா பேசும்மா"ன்னேன்.

"முடியாது பெரியப்பா, அப்பா தூங்கறாரு. படுத்தா மூச்சு முட்டுது, ராத்திரியில உக்காந்தே இருக்காரு. பகல்லதான் கொஞ்சம் கண்ணசர்றாரு. வீட்டுல நாங்க யாரும் பேசறதில்ல. மிக்ஸி கூட பக்கத்து வீட்டுல போய்த்தான் போட்டுக்கறேன்."

"எழுப்பும்மா. நான் ஒண்ணு கேக்கணும்."

"பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு பெரியப்பா. மூச்சுக்கு மிஷின் வச்சிருக்கு. நீங்க வாய்ஸா அனுப்புங்க, எழுந்தவுடனே கேக்க வைக்கறேன். உங்க வாய்ஸ்னா எத்தனை தடவைன்னாலும் கேப்பாரு."

என்ன வாய்ஸ் அனுப்பறது? திட்டி அனுப்பலாம்னு ரெண்டு தடவை ஆரம்பிச்சேன். 'டேய்'னு சொன்னதுக்கு மேல வரல. சரி, நான் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்னு தெரியட்டும், இப்பேர்ப்பட்ட அண்ணனுக்கா இப்படிப் பண்ணோம்னு நோகட்டும்னு, பாட்டை அப்படியே அனுப்பிட்டேன்.

பன்னெண்டு மணி வண்டிய விட்டுட்டேன். பதிலுக்காகன்னு இல்ல, வெயிலு. ரெண்டு மணிக்குத்தான் ஷர்மிளாகிட்ட இருந்து வாய்ஸ் வந்துச்சு. அதே குசுகுசு. "பெரியப்பா, அப்பா கேட்டாரு. ரெண்டு தடவை கேட்டாரு. கொழாய் சத்தம் வந்தப்ப சிரிச்சாரு. ரொம்ப நல்லா இருக்குன்னு கைய காட்டினாரு. ஒண்ணே ஒண்ணு உங்களைக் கேக்கச் சொன்னாரு. அந்த இருமலை மட்டும் எடுத்துட முடியுமான்னு கேக்கறாரு."

எப்படி இருக்கு? வீட்டை எடுத்துக்கிட்டான், கூரைய எடுத்துக்கிட்டான். இப்ப பாட்டுல இருந்து தாளத்தையும் எடுக்கணுமாம். அதை எடுத்துட்டா என்ன சார் மிச்சம் இருக்கும்? நாலு வருஷம்!

ஆனா பாருங்க, கேட்டவன் தம்பி. நம்மால ஆவாதுன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒருதரம் எடுத்துப் பாத்துடுவோம்னு, அந்த பிளாட்பாரத்துலயே ஆப்பைத் தெறந்தேன். இருமல் பட்டை மேல விரல வச்சேன். கை வேர்த்திருந்துச்சா, வெயிலா, என்னமோ தெரியல. அழிக்கறதுக்குப் பதிலா பட்டையோட ஓரம் விரலோட இழுத்துக்கிட்டு நீளமா வந்துடுச்சு. அப்பதான் சார் எனக்கு ஒண்ணு தெரிஞ்சுது. வெட்டறோம் வெட்டறோம்னு நெனக்கறோமே, அதுல எதுவும் வெட்டுப்படறது இல்ல. தள்ளினா மறையுது, இழுத்தா வருது. நாலு வருஷமா நான் தள்ளினதெல்லாம் உள்ளதான் இருக்கு.

ஓடிச்சு. நாலு இருமல். கேப்பு. நாலு இருமல். அதுக்கப்புறம், நான் எப்பவும் தள்ளற எடம் தாண்டி, அவன் கொரலு. "அண்ணே"ன்னான். அப்புறம், "இருண்ணே, மூச்சு வாங்கிக்கறேன்"ன்னான்.

நிறுத்திட்டேன்.

அது ஒண்ணுலயே இன்னும் ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்டு மிச்சம் இருக்கு. இந்த மாதிரி பத்தொம்பது பட்டை இருக்கு சார் பாட்டுல. வண்டி வர்ற வரைக்கும் ஒவ்வொண்ணையும் இழுத்து நீளத்தை மட்டும் பாத்தேன், ஓடவிடல. மொத்தம் அம்பத்திரெண்டு நிமிஷம். பாட்டு ஆறு நிமிஷம்.

ஓசூரு பெங்களூர்ல எங்க வீட்டுல இருந்து பஸ்ஸுல ஒரு மணி நேரம். நான் வாரத்துல ரெண்டு நாளு அந்த ரோட்டுல இருக்கற அபார்ட்மெண்டுக்கு சர்வீஸுக்குப் போறேன். போகலாம். இன்னிக்கே கூட போகலாம். ஆனா இதுல என்ன சொல்லியிருக்கான்னு தெரியாம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு போறது? கோவமா போறதா, வேற மாதிரி போறதா?

மாலூர் தாண்டிட்டமா? உங்களுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கு. ஒரு உதவி பண்ணுங்க சார். நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது, இனிமே பாக்கவும் போறதில்ல, அதான் கேக்கறேன். இந்தாங்க போனு. இந்தப் பட்டை மேல விரல வச்சா ஓடும். காதோட ஒட்டி வச்சுக்கங்க, எனக்குக் கேக்க வேண்டாம், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கறேன். கடைசி வரைக்கும் கேளுங்க. அவன் என்னைத் திட்டறான்னா அப்படியே சொல்லுங்க, எதையும் கொறைக்காதீங்க, நான் தாங்கிக்குவேன்.

திட்டலைன்னா ஒண்ணும் சொல்லாதீங்க சார். போனை என் மடியில வச்சுட்டு, உங்க ஸ்டேஷன் வந்ததும் எறங்கிடுங்க.